லாயத்துத் தரை

1

இந்தக் கதை ஒரு தேங்காயால் வந்தது. சமையல் மூலையில் கைநழுவி, கூடத்தைக் கடந்து, வாசற்படிவரை தானே உருண்டு போனது. பார்த்துக்கொண்டிருந்த என் மகள் சங்கமித்ரா, "இன்னாம்மா இது! தரைய மட்டம் பண்ணியே ஆவணும்" என்றாள். நான் நோட்டை எடுத்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களா ஒன்றின் பின்னால், அந்தக் காலத்தில், சுல்தான், ராணி என்று இரண்டு குதிரைகள்—"

அடித்துவிட்டேன். குதிரைகளின் பெயர் எனக்கெப்படித் தெரியும்? அவற்றின் லாயத்தில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு குதிரையின் இடம் கூடம், இன்னொன்றின் இடம் படுக்கையறை. தீனித்தொட்டியில் பாத்திரம் கழுவுகிறோம்.

3

இனி என் கணவர் தாஸ். (நம்பும்படி எழுதுவது கஷ்டம். உயிரோடு இருந்தபோதே நம்பமுடியாத ஆள்.) கோலார் தங்கச் சுரங்கத்தில் சர்வே வேலை பார்த்தவர். லாயத்தை வீடாக்கியபோது தரையை மட்டும் தொடவிடவில்லை. குதிரை மூத்திரம் வெளியே ஓடுவதற்காகப் போட்ட சரிவு அது.

"இப்ப எந்தக் குதிரைக்கு?" என்றேன்.

"தண்ணி எங்க போவும், ரஞ்சிதம்? சுரங்கத்துல சரிவு இல்லன்னா முழங்கால் தண்ணிதான்."

"நாம பூமிக்கு மேல இருக்கோம்யா!"

கேட்கவில்லை. மேசை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றுக்கும் மேட்டுப்பக்கக் கால்களை அளந்து அறுத்துவிட்டார்.*

* நாற்காலியைத் திருப்பிப்போட்டால் ஆள் கவிழ்வார். என் தம்பி இரண்டு முறை கவிழ்ந்தான்.

4

தாஸ் போன வருடம் இறந்துவிட்டார். இங்கே சோகமான பத்தி ஒன்று வேண்டும். "அவர் இல்லாத வீட்டில்—"

வேண்டாம். அவருக்கே பிடிக்காது.

அதன்பின் நான் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். தரை மட்டமாகாவிட்டால் பொம்மசந்திராவில் தன் ஃப்ளாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்கிறாள் மகள். மட்டமானால் இங்கேயே இருக்கலாம். ஆனால் அவர் அறுத்த எதுவும் நேராக நிற்காது.

5

முடிவு ஒன்று: எல்லாத் தரையும் மட்டம், அறுத்த கால்களுக்கு அடியில் செங்கல். முடிவு இரண்டு: தரை அப்படியே, சுவரில் பிடிகம்பி, மகளோடு சண்டை. முடிவு மூன்றை எழுதுமுன் மகள் வரவழைத்த கன்னடக்காரக் கொத்தனார் உமேஷ் எட்டிப்பார்த்தார்.

"அம்மா, கலவை ரெடி. ஹாக்லா? போடட்டுமா?"

"ஒரு நிமிஷம்ப்பா. முடிவு எழுதிட்டிருக்கேன்."

"நீங்க எழுதுங்க. சிமெண்ட் காத்திருக்காது."

"கூடத்த மட்டும் போடு" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் வந்தேன். இங்கேதான் தப்பு. கூடம் முழுவதும் ஈர சிமெண்ட். காயும்வரை நான் வெளியே போகமுடியாது, மகள் உள்ளே வரமுடியாது. (குளியலறை இந்தப் பக்கம்தான். கவலை வேண்டாம்.)

ஜன்னல் வழியாகக் காபியை நீட்டினாள். "வேணும்னே உள்ள போய் உக்காந்துக்கினியா? சொல்லும்மா, நாளைக்கு இந்த ரூமு?"

"காபியில சக்கரை கம்மி."

வாசகரே, நாளைக் காலை உமேஷ் இந்த அறைக்கும் கலவையோடு வருவார். என்ன சொல்லலாம் என்று நீங்கள் யோசியுங்கள். நான் கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன். கட்டில் நேராக இருக்கிறது.