மூன்று துண்டு ரொட்டிக்கு மிச்சமிருந்த ஆண்டுகள்

"போலீஸ்கிட்ட நீ சொன்னியா இல்லியாய்யா? அத மட்டும் சொல்லு" என்று நார்கிஸா இரண்டாம் மாடி வராந்தாவிலிருந்து கத்தினாள். கீழே பொதுக்குழாயடியில் வேனைக் கழுவிக்கொண்டிருந்த குராம், "நான் எங்க தாயி காட்டிக் குடுத்தேன்? பாராட்டத்தான செஞ்சேன்" என்று பதிலுக்குக் கத்தினான். குத்தாயிசி நகரத்தின் அந்த முற்றத்தில் மூன்று மாடி ஜன்னல்களும் திறந்துகொண்டன. இரைச்சலுக்குக் காரணம் எளிமையானது. செவ்வாய்க்கிழமை ஒன்பது ஆண்டாக இருந்த நார்கிஸாவின் கணவன் பெஸோவின் தண்டனை, வெள்ளிக்கிழமைக்குள் பதினாறு ஆண்டாக வளர்ந்துவிட்டது. நீதிபதிக்குக் கோபம் எதுவும் இல்லை. சாட்சியமாக வைத்த பைதான் வளர்ந்திருந்தது.

நார்கிஸா மலைமேல் ஸ்வானெத்தியிலிருந்து வாழ வந்தவள். அங்கே கஞ்சா விதையை இடித்து, பாலாடைக்கட்டியோடு பிசைந்து, ரொட்டிக்குள் வைத்துச் சுடுவார்கள். அதைத் தின்று யாருக்கும் தலை சுற்றியதில்லை; சுற்றியதெல்லாம் கூடவே குடித்த திராட்சைச் சாராயத்தால். இங்கும் முற்றத்துப் பீன்ஸ் பாத்திக்கு நடுவே ஏழு செடி வைத்திருந்தாள். குளிர்காலப் பண்டிகைக்கு அவள் சுட்ட ரொட்டியை முற்றத்தில் முப்பத்தெட்டுப் பேர் தின்றார்கள். குராம் மூன்று துண்டு தின்றான். தின்றதோடு நின்றிருக்கலாம். நம் ஆட்களுக்கு நல்ல சாப்பாட்டைப் புகழாமல் விட்டால் அது செரிக்காது. மறு கோடையில், வேனின் முன்சீட்டில் உட்கார்ந்த ஒரு பயணியிடம் ஸெஸ்தாபோனி போய்ச் சேரும்வரை அந்த ரொட்டியைப் பற்றியே பேசினான். விதை எங்கே கிடைக்கிறது என்று பயணி கேட்டார். அதையும் சொன்னான். பயணி போலீஸ்காரர்.

அவர்கள் வந்தபோது நார்கிஸா வாயைத் திறக்குமுன் பெஸோ, "எல்லாம் என்னோடதுதான்" என்றான். செடிகளை வேரோடும் மண்ணோடும், முந்தின இரவு மழையின் ஈரத்தோடும் பிடுங்கி, காகிதப் பையில் போட்டு, அரக்கு வைத்து எடை போட்டார்கள். சட்டத்துக்கு எடை மட்டும்தான் தெரியும். மண் எது, மழை எது என்றெல்லாம் பிரித்துப் பார்க்க அதற்குச் சொல்லித் தரவில்லை. நட்டது நான்தான் என்று நார்கிஸா மறுநாளே போய்ச் சொன்னாள். சந்தோஷம், அப்படியானால் ஆளுக்கு ஒன்பது ஆண்டு என்றார் அரசு வழக்கறிஞர். அவள் திரும்பி வந்து, கழுவின பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

பையோ சாட்சிய அறையில் வேர்விட்டு வளர்ந்தது. ஒவ்வொரு விசாரணைக்கும் புதிதாக எடை போட வேண்டும் என்பது விதி. இலையுதிர்காலத்தில் முப்பது ஆண்டு ஆயிற்று, முதல் பனிக்கு எழுபது. கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டு சேவகர்கள் பையைத் தூக்க முடியாமல் தராசையே பை இருந்த இடத்துக்குக் கொண்டுபோனபோது நூற்றுப் பன்னிரண்டு. நீதிபதி அவ்தாந்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நான் என்னம்மா பண்ண? தராசு சொல்றதப் படிக்கிறதுதான் என் வேல" என்றார். பெஸோவுக்கு வயது நாற்பத்தொன்று. நார்கிஸா கணக்குப் போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு, வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அடுத்த வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று.

மூன்றாம் மாடி பியானோ ஆசிரியை ஸியாலா, கைம்பெண், யாருக்கும் பயப்படாதவள், ஒருநாள் தொப்பியை மாட்டிக்கொண்டு நேரே நீதிமன்றம் போனாள். "நானும் ரெண்டு துண்டு தின்னேன். என்ன செய்வீங்களோ செய்ங்க" என்றாள். தின்றவர்களுக்குப் பதினைந்து நாள் காவல், மூன்றாண்டுக்கு ஓட்டுநர் உரிமம் ரத்து. ஸியாலாவிடம் உரிமம் கிடையாது; பதினைந்து நாள் இருந்துவிட்டு, காபி மோசம் என்ற புகாரோடு வெளியே வந்தாள். அடுத்த எடையில் பை இரண்டு துண்டு அளவுக்கு இளைத்திருந்தது. தண்டனையில் மூன்று ஆண்டு குறைந்தது.

சங்கதி பரவியது. காவலறையில் ஆறே கட்டில் என்பதால் முறை வைத்துப் போனார்கள். யார் எத்தனை துண்டு தின்றார்கள் என்று புதிய சண்டைகள் கிளம்பின. பண்டிகையன்று வயிறு சரியில்லை என்று ஒரு துண்டோடு எழுந்தவர்களெல்லாம் இப்போது நாலு, ஐந்து என்று பெருமை பேசினார்கள். பொய்த் துண்டுக்குத் தராசு அசையவில்லை. முதல் மாடிக் கொல்லர், காவலறைக்குப் பகடைப் பலகையும் ஒரு பானை பீன்ஸும் கொண்டுபோய், இருபது நாளாக்க முடியுமா என்று கேட்டார். அடுத்த கோடை வருவதற்குள் முப்பத்தேழு பேர் போய்வந்துவிட்டார்கள். பையில் மூன்று துண்டு எடை மிச்சம். நாலரை ஆண்டு.

"உரிமம் போனா நான் எதத் தின்பேன்? வேன்தான் எனக்குச் சோறு. மக்காச்சோள ரொட்டி தவிர நான் எதையும் தொடுறதில்ல" என்று குராம் சாதித்தான். இந்த முறை நார்கிஸா கத்தவில்லை. மறுநாள் காலை வேனில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்தாள். டிக்கெட் வாங்கினாள். ஸெஸ்தாபோனி வரை போனாள், அதே வண்டியில் திரும்பினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் ஏறினாள். குராம் பாட்டுப் போட்டான், நிறுத்தினான், வானிலை சொன்னான், அவள் மலை ஊரில் ஆப்பிள் விளைச்சல் எப்படி என்று விசாரித்தான். ஆறாம் நாள், "மதினி, ஏதாச்சும் திட்டவாவது செய்ங்களேன்" என்றான். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள், பயணிகள் பதினெட்டுப் பேரும் உள்ளே இருக்க, வேனை நீதிமன்ற வாசலில் நிறுத்தினான். "பிரேக்க மெதுவா மிதிக்கணும், இழுக்கும்" என்று சாவியை அவள் மடியில் போட்டுவிட்டு இறங்கிப் போனான்.

குராமின் பதினைந்தாம் நாள் பையைத் தராசில் வைத்தார்கள். முள் நகரவில்லை. காலிப் பைக்கு எத்தனை ஆண்டு என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. அரைநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, இருந்த காலமே தண்டனை என்று எழுதிக் கையெழுத்திட்டார் நீதிபதி. பெஸோ அன்று மாலையே வீட்டுக்கு வந்தான். ஆனால் சிறையில் நின்றே காலம் தள்ளியதில் உட்கார மட்டும் மறந்துவிட்டது, சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான்.

ஸியாலா காவலறை அதிகாரியைக் கட்டிக்கொண்டு அவருக்குக் காபி போடக் கற்றுக்கொடுத்தாள். ஸெஸ்தாபோனி வேனை இப்போது நார்கிஸாதான் ஓட்டுகிறாள். குராம் பத்தூமியில் தங்கை வீட்டோடு போய்விட்டான். எங்கும் நடந்தேதான் போகிறானாம். சாட்சிய அறையில் மற்றவர்களின் பைகள் இருக்கின்றன, அவையும் வளர்கின்றன. வெயில் ஏறினால் நீதிமன்றக் கூரையின் ஓடுகள் ஒரு சாண் மேலெழும்பும். அவற்றைத் தட்டிச் சரிசெய்ய ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள். ஊரிலேயே தங்கிவிட்ட குராமின் மகள் அந்த ஓடு தட்டுகிறவனைத்தான் கட்டிக்கொண்டாள். நிரந்தர வேலை என்று பெண் வீட்டாருக்கு முழுத் திருப்தி.