கத்தரீனாள் ஏணியைத் தட்டினாள்

வண்டன்மேட்டு ஏலக்காட்டை விட்டு கத்தரீனாள் தீவுக்குக் கப்பலேறியது ஒரே காரியத்துக்காக. அங்கே ரிசார்ட்டில், விருந்தாளிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போய் மீன் காட்டும் வேலையிலிருக்கும் மகள் ஜிஜியைக் கையோடு ஊருக்கு இழுத்து வர வேண்டும். மீன் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சந்தைக்குப் போகட்டுமே, அதற்கு எதற்குக் கடலில் முங்க வேண்டும் என்பது அவள் கட்சி.

"ஒரு தடவை பாரும்மா. அப்புறம் பேசு" என்று கெஞ்சி, ஜிஜி தாயைப் படகில் ஏற்றிக்கொண்டாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் தனியாக ஆட்களை இறக்குகிறாள். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். அதைப் பார்க்க மேனேஜர் ரிஜோவும் வந்திருந்தார். முதுகில் காற்று உருளையோடு ஜிஜி மல்லாக்கக் கடலில் விழுந்தாள். பின்னாலேயே டெல்லியிலிருந்து வந்த புதுமண ஜோடியும் விழுந்தது. மூன்று பேரையும் விழுங்கிவிட்டுக் கடல் ஒன்றும் தெரியாதது போலக் கிடந்தது.

ஏலக்காட்டில் பனிமஞ்சு மூடினால் பக்கத்து ஆள் தெரியாது. ஒருத்தி கூவுவாள், மற்றவள் எங்கே நின்றாலும் பதிலுக்குக் கூவ வேண்டும். பதில் வராவிட்டால் யானையோ, பாம்போ, சறுக்கி விழுந்தாளோ என்று எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டுத் தேடக் கிளம்பிவிடுவார்கள். கத்தரீனாள் காலமெல்லாம் அப்படிப் பழகியவள்.

எழுந்து நின்று கூவினாள். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கேட்கிற கூவல். ரிஜோவின் கையிலிருந்த காப்பி அவர் சட்டையில் கொட்டியது. மகளிடமிருந்து பதில் இல்லை.

"சேச்சி, தண்ணிக்குள்ள கேக்காது" என்றார் ரிஜோ.

"மாதாவே! அப்ப ஆபத்துன்னா அவ எப்படிங்க சொல்லுவா?"

அவர் யோசிப்பதற்குள் கத்தரீனாள் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து, யானையை விரட்டத் தகரம் தட்டுவது போல, படகின் இரும்பு ஏணியைத் தட்டத் தொடங்கிவிட்டாள். இது கீழே நன்றாகவே கேட்டது. ஏணியைத் தட்டினால் ஆபத்து, எல்லாரும் மேலே வாருங்கள் என்று முங்குகிறவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. பாவம், அது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜிஜி பதறாமல் இருவரையும் மேலே கொண்டுவந்தாள். மாப்பிள்ளை வெளிறிப்போய், சுறாவா என்று இந்தியில் கேட்டார்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் ஜிஜி.

"ஒண்ணும் ஆகல. கூப்பிட்டேன், நீ குரல் குடுக்கல."

ரிஜோ சட்டையைத் துடைத்தார். "சொந்தக்காரங்களைப் படகுல ஏத்தினது உன் தப்பு, ஜிஜி. இந்த வேலை உனக்குச் சரிப்படாது. அம்மாகூட ஊருக்குக் கிளம்பிக்கோ."

கத்தரீனாள் கேட்க வந்தது இதுதான். மாதாவுக்கு நேர்ந்துகொண்டதும் இதுதான். ஆனால் மகள் ஏணியைப் பிடித்தபடி தண்ணீரிலேயே தலைகுனிந்து நின்றதைப் பார்த்ததும் பெற்றவள் ஸ்பேனரும் கையுமாக ரிஜோ பக்கம் திரும்பினாள்.

"ஏன் சார், தட்டுனது நானு. அவ என்னா செஞ்சா? சத்தம் கேட்டதும் ரெண்டு பேரையும் முழுசாக் கொண்டாந்து சேத்துட்டால்ல? இதுக்கு மேல என்னா தெரியணும்? நீங்க ஒரு காப்பியவே பிடிக்கத் தெரியாம நிக்கிறீங்க!"

ரிஜோ சட்டையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். "சரி, இன்னொரு தடவை இறங்கு" என்றார்.

ஜிஜி ஜோடியோடு மறுபடி முங்கினாள். கத்தரீனாள் ஸ்பேனரை ரிஜோவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இப்பப் பயம் போயிடுச்சா சேச்சி?"

"அது எங்குட்டுப் போகும்? பேச்சுக் குடுக்காதீங்க சார். அவ வர்ற வரைக்கும் நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும்."