லேமினேட் செய்த ஸ்லிப்

ரகுராமின் ஃபைல் என் மேசைக்கு வந்தபோது முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோபம் அதற்குப் பிறகு வந்தது. வந்த கோபம் போகவே இல்லை.

பெங்களூர் கோரமங்களாவில் எங்கள் கம்பெனி செய்வது ஒரே வேலைதான். வேறு கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது, அந்த ஆள் சொன்ன படிப்பும் அனுபவமும் உண்மையா என்று நாங்கள் விசாரித்துச் சொல்வோம். பச்சை என்றால் சேரலாம், சிவப்பு என்றால் வீட்டுக்குப் போகலாம். 2009 ஜனவரியில் ஊரெல்லாம் வேலை போய்க்கொண்டிருந்தது. ஐ.டி. பார்க்கில் கார்டு தேய்த்தால் கேட் திறக்காமல், அங்கேயே நின்று அழுதவர்கள் கதையெல்லாம் தினமும் காதில் விழுந்தது. ரகுராமுக்கும் எட்டு மாதமாக வேலை இல்லை. இப்போது வைட்ஃபீல்டில் ஒரு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளோடு போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் ஆஃபர் ரத்து என்று அந்தக் கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

எனக்கு அவரைத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியாது. அதுதான் என் வயிற்றெரிச்சலே.

2001இல் நான் பி.இ. முடித்தேன். மர்ஃபி டவுனில் எங்கள் லைன் வீடுகளில் நான்தான் முதல் இன்ஜினியர். அம்மா எல்லம்மா ஒரு கான்வென்ட்டில் ஆயா. கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி என்னை எடுத்தது. அதன் எச்.ஆர். மேனேஜர்தான் ரகுராம். வெரிஃபிகேஷனுக்கு வேண்டும் என்று ஏழு ஒரிஜினல்களையும் வாங்கிக்கொண்டு, ஒரு ஸ்லிப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “ஜாயினிங் டேட் சீக்கிரம் வரும்மா, வெயிட் பண்ணு” என்றார். அந்த வருடம் யாருக்கும் ஜாயினிங் டேட் வரவில்லை. ஆனாலும் எங்கள் ஒரிஜினல்களை விடவில்லை. இத்தனை இன்ஜினியர்கள் தயாராக இருக்கிறார்கள் என்று வேலை தரும் வெளிநாட்டுக்காரனிடம் கணக்குக் காட்ட வேண்டுமாம்.

அந்த ஸ்லிப்பை அம்மா தன் ரேஷன் கார்டோடு வைத்திருந்தாள். எங்கள் வீடு ஷீட் போட்ட வீடு, மழைக்கு ஒழுகும். எங்கள் லைனில் முக்கியமான காகிதம் எதுவாக இருந்தாலும் லேமினேட் செய்துவிடுவார்கள். ரேஷன் கார்டு, வோட்டர் கார்டு, இறந்தவர்களின் போட்டோ, எல்லாமே பிளாஸ்டிக்குக்குள்தான். என்னிடம் சொல்லாமல் ஓஸ்வால்ட் அண்ணன் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அந்த ஸ்லிப்பையும் லேமினேட் செய்துகொண்டு வந்தாள். “இனி தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது பாரு” என்று விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அவளுக்கு அவ்வளவு பெருமை.

2002 பிப்ரவரியில் ஒரு அரசு நிறுவனத்தின் எழுத்துத் தேர்வில் பாஸ் ஆனேன். இன்டர்வியூவுக்கு ஒரிஜினல் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இன்டர்வியூ அன்று காலை ஒன்பது மணிக்கு நானும் அம்மாவும் ரகுராம் முன்னால் நின்றோம். அதற்கு முன் நாலு நாள் போயிருந்தேன், சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் ஸ்லிப்பை மேசையில் தட்டிப் பார்த்தார்.

“இது என்னம்மா? திருப்பி வாங்கிக்கிட்டேன்னு இதுக்குப் பின்னாடி நீ சைன் பண்ணணும். நான் ஃபைல் பண்ணணும். பிளாஸ்டிக் மேல எப்படி சைன் பண்ணுவே?”

“வேற பேப்பர்ல எழுதிக் குடுக்கிறேன் சார். பன்னெண்டு மணிக்கு இன்டர்வியூ சார்.”

“ரூல்னா ரூல்தாம்மா. ஸ்லிப் தொலைஞ்சு போச்சுன்னு அஃபிடவிட் போட்டு எடுத்துட்டு வா.” பிறகு அம்மாவைப் பார்த்தார். “படிக்காதவங்க கையில குடுத்தா இப்படித்தான்.”

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பிளேடால் உரித்துப் பார்த்தேன். காகிதம் இரண்டாகப் பிளந்து, அவர் கையெழுத்து பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கிழிந்த ஸ்லிப்பும் செல்லாது என்றார். கோர்ட் பக்கம் ஓடி அஃபிடவிட் வாங்கி வந்து, ஒரிஜினல் என் கைக்கு வந்தபோது மணி நாலு. இன்டர்வியூ எப்போதோ முடிந்திருந்தது. அடுத்த வருடம் கம்பெனிகள் ஆள் எடுக்க ஆரம்பித்தபோது எல்லா விளம்பரத்திலும் 2002இல் பாஸ் ஆனவர்கள் மட்டும் என்று போட்டார்கள். ஒரு வருடம் பழசானதற்கே எங்களை யாரும் சீண்டவில்லை. கால் சென்டர், அப்புறம் இந்தக் கம்பெனி. கோட் எழுதப் படித்தவள் அடுத்தவன் சர்ட்டிபிகேட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை போனதைக்கூட மன்னித்திருப்பேன். அன்றிலிருந்து அம்மா என் காகிதம் எதையும் தொடுவதில்லை. கரண்ட் பில் வந்தால்கூட வாசலிலேயே கிடக்கும். நான் வந்து எடுக்கும் வரை அதைத் தாண்டித் தாண்டிப் போவாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரகுராம் ஒரிஜினல்களோடு வந்தார். தலை நரைத்திருந்தது. சட்டையை நன்றாக அயர்ன் செய்திருந்தார். என் பெயர் போட்ட அட்டை, மகா என்று கொட்டை எழுத்தில், அவர் கண் முன்னால்தான் இருந்தது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

சர்ட்டிபிகேட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு தேதிகூடப் பிசகவில்லை. சாதாரணமாக நாங்கள் பார்த்துவிட்டு, நகல் எடுத்துக்கொண்டு, கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

“திங்கட்கிழமை வரைக்கும் இங்க இருக்கணும் சார். ஸ்லிப் தரேன். காலைல ஒம்பது மணிக்கு வந்து வாங்கிக்கங்க.”

அவர் ஒரு நொடி யோசித்தார். எச்.ஆரிலேயே ஊறியவர், இப்படி ஒரு வழக்கம் கிடையாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் வேலை இல்லாதவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன்.

“ஷ்யூர் மேடம். மண்டே லெவன் ஓ கிளாக் ஜாயினிங். அதை மட்டும் கொஞ்சம் மைண்ட்ல வச்சுக்கங்க.”

ஸ்லிப் எழுதினேன். ஒரிஜினல்கள் ஏழு, பெற்றுக்கொண்டேன். உள்ளே போய் ஐடி கார்டு செய்யும் மெஷினில் அதை விட்டு எடுத்தேன். சூடு ஆறாமல் அவர் கையில் கொடுத்தேன்.

“அட, நீட்டா பண்ணியிருக்கீங்களே. தேங்க்ஸ்” என்றார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு ருசித்தது. வெளியே தெரிந்தால் என் வேலை போகும் என்று தெரியும். போகட்டும் என்று இருந்தது.

திங்கட்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து நின்றார். வெளியே ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லியிருந்தார். ஸ்லிப்பை நீட்டினார். வாங்கி மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

“திருப்பி வாங்கிக்கிட்டேன்னு இதுக்குப் பின்னாடி சைன் பண்ணணும் சார். பிளாஸ்டிக் மேல எப்படிப் பண்ணுவீங்க?”

“நீங்கதானே மேடம் லேமினேட் பண்ணிக் குடுத்தீங்க?”

“ரூல்னா ரூல்தான் சார். இல்லேன்னா அஃபிடவிட் கொண்டு வாங்க.”

சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டி வைட்ஃபீல்ட் போக ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். குரல் ஏறியது.

“லேமினேட் பண்ணா என்ன மேடம்? உள்ள இருக்கிறது அதே பேப்பர்தானே? பத்திரமா இருக்கட்டும்னு பண்றது ஒரு தப்பா? இதெல்லாம் ஒரு ரூலா?”

ஏழு வருடமாக நான் காத்திருந்த வார்த்தைகள். மேசை ஃபோனில் அம்மாவின் நம்பரை அழுத்தி, அவள் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டேன்.

“எங்கம்மா லைன்ல இருக்காங்க. இப்ப சொன்னதை அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க சார்.”

“மேடம், ப்ளீஸ், என்ன இது...”

“சொல்லுங்க.”

அவர் ஃபோனுக்குக் குனிந்தார். “அம்மா... லேமினேட் பண்றது தப்பில்லம்மா. உள்ள இருக்கிறது அதே பேப்பர்தான்.”

அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

“யாரு சார் பேசறது?”

“ரகுராம்.”

மறுபடியும் பிள்ளைகளின் சத்தம். பிறகு அம்மா கேட்டாள். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள்.

“அத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?”

ஃபோனை வைத்தேன். அவர் என் பெயர் அட்டையைப் பார்த்தார், ஸ்லிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஞாபகம் வந்ததா, வந்ததுபோல் நடித்தாரா, எனக்குத் தெரியாது.

“மகா... ஐ ஆம் ஸாரிம்மா.”

மணி ஒன்பது பதினைந்து. டிராயரைத் திறந்தேன். மேலே அவருடைய ஏழு ஒரிஜினல்கள் இருந்தன. அவற்றை நகர்த்திவிட்டு, அடியில் இருந்த பிளேடை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன்.

“பின்பக்கம் மட்டும் உரிங்க சார். அவசரப்படாதீங்க, கிழிஞ்சா செல்லாது.”

அவர் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார்.