எடை குறைந்த டியூபா

பட்டறை மேசையின் மேல் பழைய போர்வையை விரித்து, பேண்ட் டீச்சர் ஆளுயரப் பித்தளை ஊதுவாத்தியங்களான இரண்டு டியூபாக்களையும் அருகருகே படுக்க வைத்தார். இரண்டுக்கும் அவருடைய மாணவிகளைவிட வயது அதிகம்.

"பார்த்துச் சொல்லுங்கண்ணே. ஸ்கூல்ல ஒண்ணத்தான் வெச்சுக்கலாமாம். இன்னொண்ணு பழைய பித்தளைக்குப் போயிடும்."

ரிப்பேர்காரர் மேசையருகே குனிந்தார். இடப்பக்கம் கிடந்ததை அவருக்குத் தெரியும். அதன் விரிந்த வாயின் ஓரத்தில் கையகலத்துக்கு ஓர் ஒடுக்கு. போன வருடம் ஊர்வலத்தின் நடுவே அவருடைய மகள் அதைத் தோளில் வைத்தபடியே தார்ச்சாலையில் விழுந்தபோது ஏற்பட்டது. வெயில் தாக்கியது என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. விசில் சத்தம் கேட்கும்வரை வாத்தியத்தைத் தோளிலிருந்து யாரும் இறக்கக் கூடாது. இறக்கியவள் அடுத்த ஊர்வலத்தில் வாத்தியம் இல்லாமல் கொடி பிடிக்கத்தான் போவாள். தலை சுற்றுகிறது என்று மகள் பக்கத்தில் வந்தவளிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு மேலும் நடந்திருக்கிறாள். விசில் டீச்சரின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

டீச்சருக்குப் பின்னால் மெலிந்த பெண் ஒருத்தி நின்றாள். பேண்டில் அவளுக்குக் குச்சி என்று பெயர். காலியான இடத்துக்கு அவள்தான் வருகிறாள்.

"இவ டியூபாவத் தூக்கப் போறாளா, டியூபா இவளத் தூக்கப் போகுதா?" என்றார் ரிப்பேர்காரர்.

"எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க மாமா. நீங்களாச்சும் புதுசா எதாவது கேளுங்க."

அவர் வேலையைத் தொடங்கினார். இரண்டும் ஒரே வகை. ஓர் ஊதுகுழாயைப் பொருத்தினால் மடியில் வைத்து ஊதலாம். வேறொரு குழாயைப் பொருத்தினால் தோளில் ஏறி, விரிந்த வாய் முன்னோக்கித் திரும்பிக்கொள்ளும். வலப்பக்கத்து டியூபா தடித்த தகடு, கல் மாதிரி கனம். விரலால் அழுத்தினால் அதன் நடு வால்வு பாதியில் நின்று யோசித்தது. ஒடுக்கு விழுந்ததோ லேசானது. வால்வுகள் விரல் பட்டதும் இறங்கி, எடுத்ததும் ஏறின. உள்ளே எங்கும் காற்று கசியவில்லை.

"உக்காந்து ஊதும்மா" என்றார் டீச்சர்.

குச்சி லேசானதை மடியில் வைத்து அடிச்சுருதி ஒன்றை நீட்டி ஊதினாள். தரைக்கு அடியிலிருந்து யாரோ பெருமூச்சு விட்டதுபோல் அது பட்டறை முழுவதும் பரவியது. ஆணியில் தொங்கிய ரம்பம் அதிர்ந்தது. வீட்டுக்குள் போகும் கதவு திறந்தது. ரிப்பேர்காரரின் மனைவி ஈரக் கையோடு நின்றார். மடியில் இருந்ததைப் பார்த்தார். ஊதிய பெண்ணைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

"அது வேண்டாம்" என்றார் ரிப்பேர்காரர். "உள்ள விரிசல் விட்டிருக்கு. வால்வும் தேஞ்சுபோச்சு. பித்தளைக்குப் போட்டுடுங்க. கனமானத நான் சரி பண்ணித் தரேன்."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொன்னா சரிண்ணே."

ரிப்பேர்காரர் கனமான டியூபாவில் தோள் குழாயைப் பொருத்தினார். குச்சி அதைத் தூக்கினாள். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வா."

போனாள். திரும்பி வரும்போது கால்கள் அகன்று விழுந்தன. உதட்டின் மேல் வியர்வை முத்துமுத்தாக நின்றது.

"பஞ்சு மாதிரி இருக்கு மாமா."

"பஞ்சுதான். நனைஞ்ச பஞ்சு."

அவர் அதை இறக்கி வாங்கினார். தோள்பட்டை எலும்பின் மேல் சிவப்பாக ஒரு கோடு பதிந்திருந்தது.

"ஊர்வலம் அதே வழிதானா டீச்சர்?"

"அதே வழிதாண்ணே. மைதானம் வரைக்கும்."

அவர் டியூபாவைப் போர்வைமேல் வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னது பொய். அந்த லேசானதுல விரிசல் கிரிசல் ஒண்ணும் இல்ல. ரெண்டுல அதுதான் நல்லது."

"தெரியும்ணே."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் உங்ககிட்ட பொய்னு சொல்றது?"

தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் ஓய்ந்ததும் ரிப்பேர்காரர் கேட்டார்.

"விசில் இப்பவும் உங்ககிட்டதான் இருக்கா?"

"இல்லண்ணே. விளையாட்டு மாஸ்டர்கிட்ட குடுத்துட்டேன். என்னால அத ஊத முடியல."

"வழக்கம்?"

டீச்சர் போர்வையின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். "அது அப்படியேதான் இருக்கு."

ரிப்பேர்காரர் லேசான டியூபாவை எடுத்தார். தோள் குழாயை நுழைத்துத் திருகாணியை முடுக்கினார். அது தளர்ந்தால் நடக்கையில் குழாய் சுழன்று முன்பல்லில் அடிக்கும். ஆட்டிப் பார்த்தார். இன்னும் ஒரு சுற்று முடுக்கினார். பிறகு குச்சியின் தோளில் தானே ஏற்றி வைத்தார். இம்முறை கழுத்து நேராக நின்றது.

"இங்க பாரு. தலை சுத்துச்சுன்னா இறக்கிடு. இறக்க நேரமில்லன்னா தூக்கிக் கீழ போடு. எவ்வளவு நசுங்கினாலும் நான் ஒடுக்கு எடுத்துத் தரேன். யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

குச்சிக்கு அவர் எதற்காகக் கவலைப்படுகிறார் என்பது புரிந்ததுபோல் இருந்தது. அவருக்கு ஆறுதல் சொல்ல விரும்பினாள். டியூபாவை இரு கைகளாலும் இறுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"பயப்படாதீங்க மாமா. என்ன ஆனாலும் நான் இத இறக்கவே மாட்டேன்."