சீனி போடாத பிஸ்கட்டு

காரி பிஸ்கட் தட்டுகள் எல்லாம் வெளியே வந்து, அடுப்பின் கோபம் சற்றுத் தணிந்த பிறகுதான் பேக்கரிக்காரி ஃபர்ஸானா மாரீஸ்வரியைப் பார்த்துத் தலையசைப்பாள். தாராவியில் ஈதுக்கும் தீபாவளிக்கும் பாதிப் பெண்கள் வீட்டில் மாவு பிசைந்து, உருட்டித் தட்டி, தட்டோடு பேக்கரிக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். வீட்டில் ஓவன் கிடையாது, இருந்தாலும் மின்சாரம் தாங்காது. விறகு அடுப்பில் வைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். மாரீஸ்வரிக்குப் பண்டிகை ஏதுமில்லை. மழை விட்ட நாளிலிருந்து அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டோடு வந்து நிற்கிறாள். யாருக்கு என்று ஃபர்ஸானா ஒருமுறை கேட்டதற்கு, வீட்டுக்காரருக்கு, சுகர், என்றாள். அதற்குப் பிறகு ஃபர்ஸானா எதுவும் கேட்டதில்லை. தட்டை உள்ளே தள்ளும்போது அவளும் வாய்க்குள் ஏதோ ஓதித்தான் தள்ளுவாள்.

பிஸ்கட்டுச் செய்ய மாரீஸ்வரி கற்றுக்கொண்டது மாட்டுங்காவில். அங்கே நாகலக்ஷ்மி மாமி வீட்டில் அவளுக்குச் சமையல் வேலை. பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற மாமிக்கும் சுகர்தான். மைதாவைத் தொடமாட்டாள். பாதாமைப் பொடித்து, முட்டைக்குப் பதில் ஆளிவிதையைக் கரைத்து ஊற்றி, சீனிக்குப் பதில் ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை அளந்து போட்டு, சின்ன ஓவனில் வைத்து எடுப்பாள். அந்தப் பொடியை மாரீஸ்வரி நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இனிப்பாக வந்து கடைசியில் கசந்தது. மருந்துக்கடை வாசனை. இதையா மனுஷன் தின்பது என்று நினைத்தாள். வீட்டில் செய்தபோது பாதாமுக்குப் பதில் வறுத்த நிலக்கடலையையும் தேங்காய்த் துருவலையும் திரித்துக்கொண்டாள், ஆளிவிதைக்குப் பதில் முட்டையை உடைத்து ஊற்றினாள், வெள்ளைப் பொடிக்குப் பதில் கருப்பட்டி போட்டாள். சாதாரணக் கருப்பட்டி இல்லை. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு வரவழைத்த உடன்குடிக் கருப்பட்டி. சீனி ஒரு பருக்கைகூடச் சேர்க்கவில்லை. கருப்பட்டி மருந்து, சுகர்காரர்களுக்கு அதைவிட நல்லது எதுவுமில்லை என்று அவள் அம்மா சொன்னாள், மாமியார் சொன்னாள், தொண்ணூறு அடி ரோட்டில் அதை விற்கிற கடைக்காரரும் எடை போட்டுக்கொண்டே சொன்னார். மூன்று பேர் சொன்னால் நாலாவது ஆளிடம் போய்க் கேட்கத் தோன்றுமா?

அவள் புருஷன் சுடலைக்கண்ணனுக்கு எல்லாம் ஒரு செருப்பில் தொடங்கியது. முப்பது வருஷம் பட்டறையில் தோல் அறுத்தவருக்குப் புதுச்செருப்பு கடித்தது தெரியவில்லை. கால்தான் மரத்துப்போய் இருந்ததே. தெரிந்தபோது பெருவிரல் ஓரம் பழுத்திருந்தது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? அதே விரல் கட்டில் காலில் இடித்தது, மழைத் தண்ணீரில் நனைந்தது, கறுத்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, பொறுமையானவள். சுகர் இறங்கினால் விரலை மட்டும் எடுத்துவிட்டுக் காலைக் காப்பாற்றலாம், இறங்காவிட்டால் கறுப்பு மேலே ஏறும், அப்புறம் விரலோடு நிற்காது என்று இந்தியில் நிதானமாகச் சொன்னாள். சோறு நின்றது. இட்லி நின்றது. டீயில் சீனி நின்றது. மாத்திரைக்கு மேல் ஊசி வந்தது. ஊசியின் அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரத்தம் எடுத்தார்கள், ஒவ்வொரு திங்கட்கிழமையும் சுகர் இறங்காமல் அப்படியே நின்றது, இல்லாவிட்டால் ஏறியது. போனமுறை டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "பாஹர் கஹீன் மீட்டா காத்தா ஹை க்யா?" வெளியில் எங்காவது இனிப்புத் தின்கிறாரா என்று அர்த்தம். மாரீஸ்வரி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கால் நன்றாயிருந்த காலத்தில் அவர் ஜிலேபித் திருடர். பட்டறை விட்டு வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டே வருவார், மீசையில் பாகு மின்னும், கேட்டால் இல்லவே இல்லை என்பார். அதெல்லாம் அப்போது சிரிப்பாக இருந்தது. இப்போது கால் போகிற நேரத்தில் சிரிப்பு எங்கிருந்து வரும்? அவர் சட்டைப்பையைத் துழாவினாள். தலையணையைப் பிரித்தாள். டீக்கடைக்காரனிடம் போய் என் புருஷனுக்கு எதுவும் கொடுக்காதே என்று இந்தியில் கத்திவிட்டு வந்தாள். கீழ்வீட்டுக்காரிகளைக் காவல் போட்டாள். எதுவும் சிக்கவில்லை. சிக்காததே அவளுக்குப் பெரிய ஆத்திரம். பழகின கள்ளன் அல்லவா, தடயமா விடுவான் என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம், சந்தில் நாலு பேர் பார்க்கச் சண்டை முற்றியது.

"அப்பம் எப்படிங்க ஏறுது? காத்தக் குடிச்சா சீனி ஏறுது?"

"நீ தாரதத்தான் திங்கேன் மாரி. வேற ஒண்ணும் திங்கல."

நம்பாதவள் உள்ளே போய்ச் சுடலைமாடன் படத்துக்கு முன்னால் இருந்த கற்பூர டப்பாவை எடுத்து வந்தாள். ஊரில் களவு போனால், சொத்துத் தகராறு வந்தால், கடைசியில் இதுதான். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தவனை அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. அவர் பேரிலேயே சுடலை இருக்கிறான், பயப்படுவார், உண்மையைக் கக்குவார் என்று அவள் கணக்குப் போட்டாள். அவர் பயப்படவில்லை. உள்ளங்கையை அப்படியே தீயின் மேல் வைத்து அழுத்தினார். கையும் காலைப்போல மரத்திருக்க வேண்டும், எடுக்கவே இல்லை. அவள்தான் கையைப் பிடித்து இழுத்தாள். கற்பூர மணத்தோடு வேறொரு வாடையும் வந்தது. கீழ்வீட்டுக்காரிகள் ஒவ்வொருத்தியாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவ்வளவு நடந்தும் அவள் மனசின் ஓரத்தில் ஒரு முள் கிடக்கத்தான் செய்தது. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுக் கேள்வியை மட்டும் விட்டாள், சந்தேகத்தை விடவில்லை.

அதற்குப் பதிலாக வேறொரு வழி கண்டுபிடித்தாள். வெளியே தேடுவது இனிப்பைத்தானே, வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்துவிட்டால் கால் எதற்கு வாசலைத் தாண்டப்போகிறது? காலையில் பிஸ்கட்டு. பத்து மணிக்குப் பிஸ்கட்டு. மத்தியானம் சப்பாத்தி போதாமல் முழித்தால் பிஸ்கட்டு. ஒரு தட்டுக்கு ஒரு கருப்பட்டி வட்டு என்று இருந்ததை இரண்டாக்கினாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் தின்றார். எவர்சில்வர் டப்பாவை எங்கே வைத்தாலும் எறும்பு வந்தது, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் டப்பாவை நிறுத்தி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தாளில் நாலு பிஸ்கட்டு மடித்து எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனாள். மறுநாள் ரத்தம் எடுக்கிற நாள். யாரிடமாவது நல்ல வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது. மாமியிடம் தன் கைப்பக்குவத்தைக் காட்ட வேண்டும் என்ற சின்ன ஆசையும் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்? முட்டை போட்டதை மட்டும் சொல்லிவிட்டுத் தயங்கினாள். ஒரு நாள் பாவம் ஒட்டாது என்று சிரித்துக்கொண்டே மாமி ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடி மென்றாள்.

"மாரி, நான் பண்றதவிட நன்னா இருக்குடி. என்ன போட்டே?"

"கருப்பட்டி மாமி. சீனி ஒரு பருக்க போடல."

மாமி மெல்லுவதை நிறுத்தினாள். மிச்சப் பாதியைத் தாளிலேயே வைத்துவிட்டு, எவ்வளவு போட்டாய் என்று கேட்டாள். மாரீஸ்வரி இரண்டு கையாலும் வட்டின் அளவைக் காட்டினாள். ஒரு நாளைக்கு எத்தனை தின்கிறார் என்று மாமி கேட்டாள். மாரீஸ்வரி விரல் விட்டு எண்ணினாள், ஒரு கை போதவில்லை. மாமியின் முகம் மாறுவதைப் பார்த்து மாரீஸ்வரி அவசரமாகச் சொன்னாள்.

"அது மருந்துல்லா மாமி. எங்கூர்ல பிள்ள பெத்தவளுக்கே அதத்தான் குடுப்பாவ."

"அதுவும் சர்க்கரைதான்டி. ரத்தத்துக்கு வெள்ளை, கறுப்புன்னு தெரியுமா?"

மாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றாள், சொல்லித்தந்தவள் நான்தானே என்றாள். உடனே நிறுத்து, நாளைக்கு டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லு, ஊசி அளவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். உள்ளே போய் அந்த வெள்ளைப் பொடி டப்பாவைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். மாரீஸ்வரி அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். மாமி வீட்டில் அன்றைக்குச் சமைக்கவில்லை, அது நினைவுக்கு வந்ததே கிங்ஸ் சர்க்கிள் பாலத்துக்கடியில் வந்த பிறகுதான்.

பஸ் ஏறவில்லை, நடந்தாள். எறும்புக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது, வந்தது போகவே இல்லை. அவர் ஜிலேபி தின்னவில்லை. டீக்கடைக்குப் போகவில்லை. சொன்னதெல்லாம் சத்தியம். நீ தாரதத்தான் திங்கேன் என்று அவர் சொன்னபோதே பதில் அதில்தான் இருந்தது, அவள் காதில் ஏறவில்லை. கள்ளனைத் தேடித் தெருவெல்லாம் கத்தினாளே, கள்ளன் அவள் கையில் அல்லவா இருந்தான், தட்டில் அடுக்கிய பிஸ்கட்டாக, சூடு ஆறாமல். ஊட்டி ஊட்டிக் காலை அரித்திருக்கிறாள். அழுகை வந்தால் நன்றாயிருக்கும் என்று பார்த்தாள். வரவில்லை. ரோட்டைத் தாண்டும்போது ஒரு டாக்ஸிக்காரன் திட்டிவிட்டுப் போனான். அவன் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

ஏணிப்படியில் ஏறி வீட்டுக்குள் வந்தபோது சுடலைக்கண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட காலைப் பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் நீட்டியிருந்தார். கட்டின் விளிம்புக்கு மேலே, நேற்று இல்லாத ஒரு கறுப்பு, மைக்கறைபோல எட்டிப் பார்த்தது. காலையில் அவள் வைத்துவிட்டுப் போன சப்பாத்தியின் மேல் மூடிய தட்டு அப்படியே இருந்தது. அவர் முகத்தில் மட்டும் ஒரு தெளிவு, பரீட்சை நன்றாக எழுதிவிட்டு வந்த பிள்ளை முகம்.

"சப்பாத்திகூட ரெண்டு நாளா தொடல மாரி. ஒம் பிஸ்கட்டு மட்டுந்தான். நாளைக்கு நீயே பாரு, எறங்கியிருக்கும். அப்பமாச்சும் நம்புவியா?"

மாரீஸ்வரி தண்ணீர்த் தட்டின் நடுவிலிருந்து டப்பாவைத் தூக்கி இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். எதற்குத் தூக்கினோம், எங்கே கொண்டுபோய்க் கொட்டப்போகிறோம் என்று தெரியவில்லை. அவர் அதைத் தனக்கு எடுத்துத் தருகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"பசிக்கு. ரெண்டு தா," என்று கையை நீட்டினார்.

டப்பாவின் அடியிலிருந்து தண்ணீர் அவள் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கை நீட்டியபடியே இருந்தது. உள்ளங்கையின் நடுவில், கற்பூரம் அணைந்த இடம், இன்னும் ஆறாமல் ஈரமாகவே இருந்தது.