குளக்கரையில் கிடந்தவன்

தண்ணீர் கலங்குகிறது, காற்றில்லை, மீனில்லை, ஆனாலும் கலங்குகிறது, குளத்தைச் சுற்றி ஐந்து மண்டபங்கள், ஈரம் காயாத சுவர்கள், இது நாம் பூசியதுதானே என்று தவமணி எட்டித் தொடப் பார்க்கிறான், கை போகவில்லை, அத்தான், தூங்கிட்டியளா, இல்லட்டி, நீ வாசி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேதக்கோயிலுக்குப் போய்வந்த சேலையோடு கட்டிலருகே உட்கார்ந்து மனைவி புஷ்பம் வேதம் வாசிக்கிறாள், பெதஸ்தா குளத்தைத் தேவதூதன் வந்து கலக்குவானாம், முதலில் இறங்குகிறவனுக்குச் சுகம், ஒருவன் மட்டும் காலமெல்லாம் கரையிலேயே கிடந்தானாம்.

தவமணியும் கிடக்கிறான், கட்டட வேலையில் சாரக்கயிறு அறுந்து விழுந்த அன்றிலிருந்து, அன்று அவன் விழவேயில்லை, வானம்தான் விலகி விலகி மேலே போனது, இப்போதும் கண்ணை மூடினால் போய்க்கொண்டிருக்கிறது, மழை போய்க் கோடையும் வந்துவிட்டது, எலும்பு கூடிட்டு, இனி நடக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியும், காலை ஊன்றினால் உயிர் போகுது என்று படுத்தேவிட்டான், பார்க்க வந்த செல்வின் கொத்தனார், என்னடே, உன்னையக் கட்டிலோட சேத்துப் பூசிட்டாவளா என்று சிரித்தார், சித்தாள் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த புஷ்பம் சிரிக்கவில்லை, சாந்து அப்பிய கையோடு அவனைத் தோளில் சாய்த்துக் கக்கூசுக்குக் கூட்டிப் போனாள், வாசிப்பைக் கேட்கக் கேட்கத் தவமணிக்குத் தோன்றுகிறது, அந்தக் குளம் எருசலேமில் இல்லை, எனக்குள்தான் கிடக்கிறது, ஐந்து மண்டபமும் என் ஐம்புலன், அவற்றில் படுத்திருக்கிற குருடனும் சப்பாணியும் நானேதான், கலவைச்சட்டி சுமக்கச் சும்மாடு வைத்துவைத்து முடி கொட்டிய அவள் உச்சந்தலையைப் பார்க்காத கண், படுக்கும்போது அவள் முனகுவதைக் கேளாத காது, உனக்குச் சுகமாகணும்னு ஆசையிருக்கா என்று கரையில் கிடந்தவனிடம் இயேசு கேட்டாராம், தூக்கிவிட எனக்கு ஆளில்லை என்றானாம் அவன், அட களவாணிப்பயலே, கேட்டதற்கு அதுவா பதில், ஆசையிருக்கா இல்லையா, அதைச் சொல்லு, கேட்கிறவர் கரையில் நிற்கவில்லை, தவமணியின் அடிவயிற்றில், குளத்தின் சேற்றுக்குள் இருந்து கேட்கிறார்.

புஷ்பம், நிப்பாட்டு. என்ன அத்தான், வலிக்கா? வலியெல்லாம் எப்பவோ போயிட்டுட்டி, பயமா இருக்கு, எந்திச்சா திரும்பச் சாரத்துல ஏறணும்லா.

அவள் வேதத்தை மூடினாள், முகத்தில் கோபம் ஏறியது, கண் நிறைந்தது, இடுப்பு ஒடியத் தூக்குனேனே, பாவி மனுசா, ஒரு வார்த்தை சொன்னா என்ன, சாரத்துல ஏறுன்னு எவ அழுதா, கீழ நின்னு கலவை போடுங்க, நான் சுமக்கேன், கொத்தனாரு கலவை போடுதான்னு நாலுபேரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போட்டும். அவன் காலைத் தொங்கவிட்டான், தரை கலங்கியது, பழக்கத்தில் தோள்கொடுக்க வந்தவளை வேண்டாம் என்று விலக்கிச் சுவரைப் பிடித்து எழுந்தான், நின்றான், ஓரடி, இன்னோரடி, கதவுவரை போய், ஏட்டி பாத்தியா என்று திரும்பினால், செய்ய ஒன்றுமில்லாமல் போன கைகளோடு புஷ்பம் அவன் எழுந்த கட்டிலில் சரிந்திருக்கிறாள், காலைக்கூடத் தூக்கி மேலே வைக்கவில்லை, வாய் லேசாகத் திறந்து, ஆழத்தில் எங்கோ தூங்குகிறாள், எழுப்பிவிடுவோமோ என்று பயந்து தவமணி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான், நின்றுகொண்டேயிருக்கிறான்.