குளிசையின் பெயர்

பதினொரு வருடமாக என் மருமகன் ஸப்ரி எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நின்ற அந்த நாள்வரை நான் அவரோடு ஒரு வார்த்தை நேரடியாகப் பேசியதில்லை. எங்கள் வழக்கத்தில் மாமி மருமகனுக்கு முன்னால் வந்து நின்று கதைக்கமாட்டாள். எதுவானாலும் மகள் பஸ்மினா மூலம்தான் போகும், வரும். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல பிள்ளை. கல்முனையில் பாமசி வைத்து மருந்து விற்கிறார்.

அன்று பஸ்மினா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரி வாட்டில் என் கணவரின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் மருமகன், இந்தப் பக்கம் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நான்.

என் கணவர் அபூசாலிக்கு இதயத் துடிப்பு மந்தம். இரண்டு வருடத்துக்கு முன் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், பேஸ்மேக்கர் வைத்தார்கள். சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர் இதயத்துக்குள் போகிறது. போன மாதம் அந்த இடம் சிவந்து, ஒரு நாள் சீழும் வடிந்தது. டொக்டரிடம் போவோம் என்றேன். இறக்காமத்து வயலில் வெள்ளாமை முற்றி நிற்கிறது, யானை இறங்குகிறது, வெட்டு முடியட்டும் என்றார். இந்த மனிதருக்கு நெஞ்சைவிட நெல் பெரிது. மருமகன் கொண்டுவந்த குளிசையை விழுங்கினார், புண் காய்ந்தது. வெட்டு முடிந்து, குளிரும் காய்ச்சலுமாக நடுங்கத் தொடங்கிய பிறகுதான் இங்கே வந்தார்.

டொக்டர் ஹிமாயா என் மகளைவிட இளையவர். இரண்டு நாளாக இரத்தம் எடுத்துப் பார்த்தும் கிருமி வளரவில்லை என்றார். கிருமி தோலோடு நின்றிருந்தால் மருந்து தந்து வீட்டுக்கு அனுப்பலாம். உள்ளே போயிருந்தால் பெட்டியையும் வயரையும் முழுதாக வெளியே எடுக்கவேண்டும். விட்டால் கிருமி வயர் வழியே இதயத்தில் ஏறி ஆளைக் கொன்றுவிடும்.

"வாப்பா, வர முந்தி ஏதும் குளிசை எடுத்தீங்களா? சீழ் ஏதும் வடிஞ்சதா? குளிசை குடிச்சிருந்தா கிருமி இரத்தத்துல காட்டாது."

"ஒண்டும் இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் மனிதர். டொக்டர் எழுதித் தந்த துண்டு இல்லாமல் மருந்து கொடுத்தது தெரிந்தால் மருமகனின் பாமசிக்கு வில்லங்கம் வரும் என்ற பயம் அவருக்கு. மருமகன் தரையைப் பார்த்தபடி நின்றார். டொக்டர் வீட்டுக்கு அனுப்பும் துண்டை எழுதத் தொடங்கினார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் சொன்னால், அவளுக்கு என்ன தெரியும் என்று என் கணவர் ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிடுவார். அந்தக் குளிசையின் பெயரும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் எதிரே நிற்கிறார்.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மருமகன், மாமாக்கு நீங்க தந்த குளிசைட பேரென்ன? டொக்டருக்குச் செல்லுங்க."

என் கணவர் கட்டிலில் எழும்பி உட்காரப் பார்த்தார். ஸப்ரி பெயரைச் சொன்னார். பிறகு டொக்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒருக்கா இல்ல மாமி, மூணு தரம் குடுத்தன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தியே சீழ் வந்திட்டு. உங்களுக்குச் செல்ல வேணாமெண்டு மாமா சத்தியம் வாங்கினாங்க."

ஹஜ்ஜுப் பெருநாள் போய் நான்கு மாதம். நான்கு மாதமாக என் பக்கத்தில் படுத்திருந்த மனிதர், சட்டைக்குள் இதை மறைத்து வைத்திருக்கிறார்.

டொக்டர் எழுதிய துண்டைக் கிழித்தார். பெட்டியும் வயரும் இனி உள்ளே இருக்கக்கூடாது, இன்றே அம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்றார். எடுத்த பிறகு தற்காலிகமாக வேறு கருவியால் இதயத்தைத் துடிக்க வைத்து, வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏற்றி, கிருமி போனதும் வலது பக்கம் புதிதாக வைப்பார்களாம். ஆபத்தில்லாத வேலை என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

டொக்டர் போனதும் என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, மருமகனின் முகத்துக்கு நேரே கதைத்து மானத்தை வாங்கிவிட்டாய் என்று ஏசத் தொடங்கினார்.

"ஏசுங்க," என்றேன். "நல்லா ஏசுங்க. என்னை ஏசுறத்துக்கு நீங்க இரிக்கணும்."